மழை பிடிக்காத டயர்

பிள்ளைகளே, அன்று மத்தியான மின்சார ரயில் ஆவடியைப் பார்த்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே தூறல். எனக்கு எதிரே ஆலை உடுப்பில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் புது மோட்டார் சைக்கிள் டயர் இருந்தது. அவர் சொன்னார்:

“மச்சான், இந்த டயருக்கு மழை புடிக்காது.”

“ஏன், ஜலதோசம் வந்துடுமா?”

“மழையில ரோட்டப் புடிக்காதுன்னேன். இது மெத்துன்னு கீற ரப்பர், மேல கோடும் கம்மி. வெயில்ல பசையாட்டம் ஒட்டிக்கும். ஞாயித்துக்கெழம ரேஸ் டிராக்ல நம்ம மாதிரி ஆளுங்க வண்டியையும் வுடறாங்க. வளைவுல சாய்ச்சா முட்டி தரையத் தொடும். தெனம் கனவுல தொட்டுக்கினு கீறேன்.”

“திங்கக்கெழம அதே வண்டிலதான ஒன் பொண்டாட்டிய ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போவணும்? மாசமா கீற பொண்ணு மச்சான். மழை பெஞ்சா?”

கொரட்டூர் ஏரி வந்தது. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. டயர்காரர் அது மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கடையில இன்னொண்ணு காட்னான். கெட்டி ரப்பர், கோடு ஆழமா கீது. தண்ணியத் தள்ளிவுட்டு ரோட்டப் புடிக்குமாம். ஆனா அவ்ளோ சாய்க்க முடியாது.”

“எவ்ளோ சாயும்?”

அவர் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார்.

“அப்ப முட்டி?”

“முட்டி தொடாது. பூட்ஸ் முனை தொட்டா போதும் மச்சான்.”

டயரை மாற்றக் கடைக்கே திரும்பிப் போக, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்பத்தூரில் இறங்கினார். மேம்பாலப் படி திரும்பும் இடத்தில் அவர் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.