தெருப்பெயர் எழுதிய பாட்டில்கள்

என் பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் விஞ்ஞானியாக வேலை செய்கிறேன். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. உலோகம் உருக்கும் தொழிற்சாலையில் உலைப் பகுதி மேற்பார்வையாளர். கண்ணில் காயத்தோடு இப்போது மருத்துவமனையில் இருப்பவன் அவன்தான். அவன்மேல் நான் ஆசிட் வீசியதாகப் புகார் வந்திருப்பதால், நடந்ததை என் சுயநினைவோடு சொல்கிறேன்.

அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள தெருக்களின் கிணறுகளில் ஆர்செனிக்கும் ஈயமும் அளவுக்கு மேல் இருப்பதாக நான் கொடுத்த அறிக்கையின் பேரில், உலையை மூடும்படி சென்ற வாரம் நோட்டீஸ் போயிற்று. அதன் பிறகு தம்பி என் வீட்டுக்கு வந்து, "அத்தனை பேர் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே அக்கா" என்றான். "மண்ணுகூடப் பரவாயில்லடா, நீங்க போடறது ஆர்செனிக்" என்றேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

இன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், நான் தனியாக இருந்தேன். மேசைமேல் பாட்டில்கள் ஊறிக்கொண்டிருந்தன. பாட்டிலில் பழைய உலோகம் ஒட்டியிருந்தால் அளவு தப்பாகிவிடும் என்பதால், கிணற்றுக்கு எடுத்துப்போகும் முன் தண்ணீரில் நைட்ரிக் அமிலம் கலந்து நிரப்பி, மூடி ஊறவைப்போம். எந்தப் பாட்டில் எந்தத் தெருவுக்கு என்று அப்போதே மேலே எழுதிவிடுவோம். உள்ளே இருப்பது அமிலம் என்று எழுதுவதில்லை. எங்களுக்குத் தெரியும், வெளியாட்கள் அங்கே வருவதில்லை. பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான்.

அப்போது தம்பியும், மொட்டை என்று கூப்பிடப்படும் தொழிற்சாலைக் காவலாளியும், லாரி ஓட்டுபவர் ஒருவரும் உள்ளே வந்தார்கள். லாரிக்காரர் கடப்பாரையால் அளவுக் கருவியை உடைத்தார். தடுக்கப் போன என்னை மொட்டை அறைந்ததில் மூக்குக் கண்ணாடி தெறித்து, வாயில் ரத்தம் வந்தது. தம்பி பார்த்துக்கொண்டு நின்றான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு தம்பி தன் தெருப்பெயர் எழுதிய பாட்டிலைத் தேடி எடுத்து, "இதுதானே உன் விஷம்? இரு, குடிச்சே காட்டறேன்" என்று மூடியைத் திருகினான். "டேய், ஆசிட்டுடா, குடிக்காதே" என்று கத்தினேன். "ஆமா, உனக்குத் தொட்டதெல்லாம் விஷம்" என்று சிரித்தான். நடுவில் மேசை இருந்ததால் பிடுங்க முடியவில்லை. கைக்கு எட்டிய இரும்புக் கம்பியை எடுத்து, பாட்டில் உதட்டுக்குப் போகும்போது மணிக்கட்டில் அடித்தேன். முறியட்டும் என்றுதான் அடித்தேன், தெரியாமல் பட்டது என்று எழுத வேண்டாம். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பாட்டில் கவிழ்ந்து, உள்ளே இருந்தது அவன் முகத்தில் கொட்டியது.

அதன் பிறகு அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து, கண்களைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தேன். கால்மணி நேரமாவது கழுவாவிட்டால் பார்வை தங்காது. "முக்கிக் கொல்றாடா" என்று கத்தியபடி லாரிக்காரர் என் விலாவில் உதைத்தார். மொட்டை என் வலது கையைத் தொட்டி விளிம்பில் வைத்துக் கடப்பாரையால் நசுக்கினார். தம்பியே என் இடது கையைக் கடித்தான். நான் விடவில்லை. "கண்ணைத் தொறடா, தொறடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னைத் தரையில் தள்ளி மிதித்துவிட்டு அவனைத் தூக்கிப் போனார்கள். ஒரு கண் போய்விட்டது என்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துதான் கேள்விப்பட்டேன். என்னை முழுதாகக் கழுவ விட்டிருந்தால் போயிருக்காது.

வேறொரு கண்ணாடிக் குவளையிலிருந்து நான் ஆசிட் வீசியதாகப் புகாரில் எழுதியிருக்கிறார்கள். என் கையில் கம்பி தவிர எதுவும் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். பாட்டிலில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் என்றே இந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போகும்போது மிச்சப் பாட்டில்களை ஒரு பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள். புகார் கொடுத்துவிட்டு வெளியே போன லாரிக்காரர், "ஷிப்ட் விட்டதும் பேக்டரி கேட்டு முன்னால வெச்சு அந்தந்தத் தெருக்காரங்க கையிலயே குடுக்கறோம். அவங்களே குடிச்சுப் பாத்து சொல்லட்டும்" என்று இந்த வாசலில் நின்று சொன்னதை நானும் கேட்டேன், இங்கே இருந்த காவலர்களும் கேட்டார்கள். அந்தப் பாட்டில்களிலும் ஆசிட்தான் என்று உடனே எழுந்து சொன்னேன். எல்லாவற்றையும் வரிசைப்படி சொல்லும்படி உட்காரவைத்தார்கள். அந்தப் பெட்டியைக் கைப்பற்றிவிட்டு வந்து என்மேல் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலையில் ஷிப்ட் விடும் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. எழுதும் காவலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்டார்.

அடுத்தது ஒன்றும் இல்லை. நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது, படித்துக் காட்டக் கேட்டேன், அனைத்தும் உண்மை. வலது கை விரல்கள் நசுங்கியிருப்பதால் இடது கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)