அவக என்றால் யார் யார்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இந்த வீட்டில் அப்படியே பழகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் பிடிக்கும். இத்தனை வருஷம் கறுப்புக் கோட்டு போட்டும் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் மயிலாடும்பாறைப் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படித்தான். ‘அவக வந்துட்டாக’ என்போம். கணவர் ஒருவர் வந்தாலும் ‘வந்துட்டாக’தான், மாப்பிள்ளை வீடே திரண்டு வந்தாலும் ‘வந்துட்டாக’தான். கேட்பவர் நம் முகத்தைப் பார்த்து ஒருவரா பலரா என்று தெரிந்துகொள்வார். எழுத்தில் வந்துவிட்டால் பார்க்க முகம் இருக்காது.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது, மேடம். பவானி செத்துப்போன வழக்கை விசாரிக்கும்போது அவள் முன்பு போட்ட வழக்கின் தீர்ப்பு கையில் கிடைத்திருக்கும். அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வக்கீல் என்று என் பெயர் இருக்கும். அல்லிநகரத்தில் வீட்டைத் தேடி வந்துவிட்டீர்கள். யாராவது வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பவானி எங்கள் ஊர்க்காரி. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுரேஷ்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டாள். வீட்டில் மாமியார் கஸ்தூரியம்மாள், கொழுந்தன் மதன்குமார், பிறகு பிறந்த ஒரு பெண் குழந்தை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் தன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். புருஷன் போனோடு சேர்த்து அறைந்தார். இடது காதில் சவ்வு கிழிந்துவிட்டது. அது முதல் தடவை இல்லை. கிழிந்ததுதான் முதல் தடவை.

அவளுக்கு அவரை ஜெயிலில் போட வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டோடு இருந்துவிட வேண்டும். அப்பா சின்னக்கருப்பு அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். “அடிச்சது நெசம்னு கோர்ட்டு சொல்லட்டும். ஊருக்குப் பதில் சொல்லிக்கிறேன். இல்லாட்டி உன் வீட்டுக்கு நீ போயிரணும்.” அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

ஊர்க்காரப் பெண் ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மகளிர் ஸ்டேஷனுக்குப் போனாள். ‘அவக அடிச்சாக’ என்று சொன்னாள். எழுதுகிற பெண் காவலர் ஏதோ வட மாவட்டத்துக்காரர். அவருக்கும் புரியாமல் இல்லை, சரிபார்த்துக்கொள்ளத்தான் கேட்டார், “அவங்கன்னா ஒருத்தரா, யார் யாரு?” என்று. துணைக்குப் போனவள் முந்திக்கொண்டு, “வீட்டுல எல்லாருந்தான் மேடம். மாமியா, கொழுந்தன் எல்லாத்தையும் எழுதுங்க” என்றாள். ஒருவர் பேரை மட்டும் கொடுத்தால் புருஷன் பொஞ்சாதி சண்டை என்று பேசி அனுப்பிவிடுவார்கள். மூன்று பேர் என்றால் வழக்கு பதிவாகும். இந்தப் பக்கத்தில் பாதிப் புகார்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. பவானி தன் கேட்காத காதுப் பக்கம் அந்தத் துணைக்காரியை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டியபோதும் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு எங்கள் ஆபீசுக்கு வந்தது. புருஷன் தரப்பு. என் சீனியர் முத்துராமலிங்கம் கேஸ் கட்டை என்னிடம் தள்ளினார். “ஏம்மா, பொம்பளை போட்ட கேஸைப் பொம்பளை நடத்துனா பார்க்கவும் நல்லாருக்கும். நீயே பண்ணு.” அதுவரை நான் கோர்ட்டில் தேதி வாங்கித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் ஆண் வக்கீல்கள் என்னை ‘வாய்தா அக்கா’ என்பார்கள். “வாய்தா அக்கா வந்தாச்சு, கேஸெல்லாம் அடுத்த மாசந்தேன்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வடையைக் கடித்தபடி சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு வழக்கையாவது முழுசாக நடத்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்லக் கூசுகிறது. ஆனால் காரணம் அதுதான்.

கஸ்தூரியம்மாள் ஆபீசுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம் மகன் கோவக்காரன்தான் தாயி, நான் இல்லேங்கல. அதுக்காக என்னையும் சின்னவனையும் சேத்துக் கூண்டுல ஏத்துவாளா? அவளுக்கு நான் பிரசவம் பாத்தவ.”

மதுரை ஹைகோர்ட்டுக்குப் போய் மாமியார், கொழுந்தன் பேரை வழக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் சீனியர். எளிதாகக் கிடைத்திருக்கும். நான்தான் வேண்டாம் என்றேன். இருவரும் கூண்டில் நிற்கட்டும், பவானி அவர்களைப் பார்த்தபடி சாட்சி சொல்லட்டும் என்றேன். சீனியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

விசாரணை அன்று கோர்ட்டு வராண்டாவில் பவானி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். நான் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊர்க்காரி இல்லையா. அரசு வக்கீல் அவளைப் புருஷன் பேரைச் சொல்லியே பதில் சொல்லச் சொல்லியிருந்தாராம். “வாய் வர மாட்டேங்குதுக்கா. சொல்லித்தான் ஆகணுமா?” என்றாள். வேண்டாம், வீட்டில் எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல், மரியாதையாக இருக்கும் என்றேன். அவள் முகம் தெளிந்தது. குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள்.

அரசு வக்கீல் முதலில் விசாரித்தபோது அவள், ‘அவக அடிச்சாக, அவக காதுல அறைஞ்சாக’ என்றே சொன்னாள். ‘அவர்கள் அடித்தார்கள், அவர்கள் அறைந்தார்கள்’ என்று பதிவானது. பிறகு நான் எழுந்தேன். அவளுடைய இடது பக்கம் நின்றுகொண்டு மெதுவாகத்தான் கேட்டேன். அவர்கள் என்றால் யார் யார் என்றேன்.

“அவக மட்டுந்தான்.”

மாமியார் அடித்தாரா என்றேன். கூண்டில் கஸ்தூரியம்மாள் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பவானி அவரைப் பார்த்தாள்.

“அத்தை அடிக்கல. அத்தைதான் மஞ்சப்பொடி சூடுபண்ணிக் குடுத்தாக.”

கொழுந்தன் என்றேன்.

“அவரு அன்னைக்கு ஊருலயே இல்ல. திராட்சை லோடு ஏத்திக்கிட்டுக் கம்பம் போயிருந்தாரு.”

அப்படியானால் ஸ்டேஷனில் மூன்று பேரும் அடித்ததாகச் சொன்னது பொய்தானே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாவா இல்லையா என்று மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

“ஆமாக்கா” என்றாள்.

கோர்ட்டில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. அக்கா என்றெல்லாம் சொல்லக் கூடாது, மேடம் என்று சொல்ல வேண்டும் என்று நீதிபதி அன்பாகவே திருத்தினார். ‘ஆமா’ என்பது பதிவானது. ‘அக்கா’ பதிவாகவில்லை.

ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போன ஊர்க்காரப் பெண் நான்தான், மேடம். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நான் அவளுக்கு வக்காலத்துப் போடவில்லை, என் கையெழுத்து எதிலும் இல்லை. அக்காவாகத்தான் போனேன். எல்லாரும்தான், எழுதுங்கள் என்று சொன்னது என் வாய். கோர்ட்டில் அவள் என்னைக் கைகாட்டி, ‘சொன்னது நீங்கதானேக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கோட்டு கழன்றிருக்கும். சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் கேட்டேன். புருஷன் பேரையே சொல்ல வாய் வராதவள், உதவி செய்ய வந்த அக்காளைச் சபையில் காட்டிக்கொடுப்பாளா?

சாட்சி நம்பத்தக்கவர் அல்ல, குடும்பத்தையே பொய்யாகச் சேர்த்திருக்கிறார், காது எப்படிக் கிழிந்தது என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று மூன்று பேரும் விடுதலையானார்கள். டீக்கடையில் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

அடுத்த வாரம் பவானி இதே வாசலுக்கு வந்தாள். கோபப்பட வந்தாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“உங்க வேலை அது, எனக்குப் புரியுதுக்கா. இதுக்கு மேல எங்கனயாச்சும் போகலாமா? அப்பா சாமான எடுத்து வைக்கச் சொல்லிட்டாக.”

அப்பீல் போகலாம்தான். பாதிக்கப்பட்டவள் மாவட்டக் கோர்ட்டுக்குப் போக உரிமை உண்டு. அப்படிப் போயிருந்தால், புகாரை யார் எழுத வைத்தது என்று ஒரு நல்ல வக்கீல் அவளிடம் கேட்டிருப்பார். நான் வழி இல்லை என்றேன். இனி அனுசரித்துப் போ என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அன்று ஸ்டேஷனிலும் அப்படித்தான் ஆட்டினாள்.

இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை.

போன வருஷம் ஊரில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். நான் பேசப் பேச என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காதும் போய்விட்டது என்று அப்போது தெரிந்தது. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பந்தியில் என் இலைக்குப் பாயசம் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னாள். நான் இலையை மூடினேன். எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

இனி டிராக்டர். உங்கள் ஃபைலில் இப்படி இருக்கும்: திராட்சைப் பந்தலுக்கு மருந்து அடித்துவிட்டு சுரேஷ்கண்ணன் டிராக்டரைப் பின்னால் எடுத்தார், ஹாரன் அடித்தார், மனைவிக்குக் காது கேட்காததால் விலகவில்லை, விபத்து. அவர் தாயும் அதையே சொல்லியிருப்பார். அது எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்?

பவானி செத்த அன்று காலையில் கஸ்தூரியம்மாள் முதலில் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, இங்கே வந்தார். மகன் வாயே திறக்கவில்லை, சட்டையெல்லாம் மண், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று அழுதார். முந்தின ராத்திரி சண்டை நடந்ததையும் அவரே சொன்னார். நான் வழக்கை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதில் உறுதியாக இருந்தேன். எடுக்காததால் அவர் என் கட்சிக்காரர் இல்லை, அதனால்தான் நாங்கள் பேசியதை உங்களிடம் சொல்லவும் முடிகிறது.

அவர் படி இறங்கினார். வயதானவர், சுவரைப் பிடித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

“அவளுக்குத்தான் ரெண்டு காதும் கேக்காதே அம்மா” என்றேன்.

அவ்வளவுதான். ஹாரன் என்று நான் சொல்லவே இல்லை. கஸ்தூரியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். பவானி எங்கள் ஊர்ப் பெண். அவள் சாவில் நான் ஒரு பைசா வாங்கவில்லை.