அம்பயர் நீட்டிய கை

அக்கரைப்பற்று பஸ்ஸில் என் முன் சீட்டில், மடியில் சொஃப்ட்போல் கையுறைகளோடு இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

“நான் அடுத்த பேஸுக்கு ஓடக்குள்ள அம்பயர் கைய நீட்டினாரு. அதான் நிண்டுட்டன்” என்றாள் ஒருத்தி.

“அல்லாஹ்வே! நீ என்ன பஸ்ஸா, கைய நீட்டினா நிக்க?” என்றாள் மற்றவள்.

“அப்ப அவரு எதுக்கு நீட்டினாரு?”

“மற்ற டீம்காரி கையில பந்து இல்லாம ஒன்ட வழிய மறிச்சது பிழையெண்டு காட்ட. நீ ஓடணும் புள்ள!”

“ஓடி அவுட்டாகினா?”

“அந்த ரெண்டு பேஸுக்கும் நடுவுல ஒன்ன அவுட்டாக்க ஏலா. நாளைக்கு மெச்சிலயும் நிண்டா கப் போயிரும்!”

நிந்தவூரில் ரோட்டோரம் ஒருவர் கையை நீட்டினார். டிரைவர் பார்த்தும் பார்க்காதவர் போல வேகத்தைக் கூட்டினார்.

ஓட்டத்தில் நின்றுபோனவள் சீட்டிலிருந்து துள்ளி எழுந்தாள்.

“நாளைக்கு நானும் இப்புடித்தான்!”