தேவசிகாமணி அண்ணாச்சியின் சொந்தப் பல்

முறுக்கு நல்ல பதம், போதகரய்யா. உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். என் வயசில் முறுக்கைக் கடித்துத் தின்கிறவன் பாளையங்கோட்டையில் நான் ஒருவன்தான்.

முப்பது வருஷம் மயக்க மருந்து கொடுத்த நேசையா கையில் ஓர் உயிர்கூடத் தவறியதில்லையாமே, ஆசுபத்திரி மலரில் போடலாமா என்று கேட்டீர்கள். ஒன்று தவறியது. அதிலும் என் மேல் குற்றமில்லை. கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை லேசானது. நோயாளியின் மூக்கில் துணியைப் போட்டு, ஒரு கையால் குளோரபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மறு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் நாக்கு உள்ளே விழுந்து மூச்சை அடைத்துவிடும். உடன்குடி கருப்பட்டி வியாபாரி ஒருவர் தொண்டையிலிருந்து வெற்றிலைச் சக்கையை இடுக்கியால் தோண்டி எடுத்த பிறகு, மூன்று கேள்விகளை நானே ஏற்படுத்தினேன். சாப்பிட்டீரா, வாயில் வெற்றிலை உண்டா, பல் சொந்தப் பல்லா. பதிலை நோட்டில் எழுதிய பிறகுதான் முதல் சொட்டு. வெள்ளைக்கார டாக்டர் துரை என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தேவசிகாமணி அண்ணாச்சி, நீங்கள் வருமுன் நம் சபைக்குச் செயலாளர். பொக்கை வாயோடு சென்னைப் பட்டணம் போனவர் முப்பத்திரண்டு பல்லோடு திரும்பி வந்தார். ஜெபத்தில் முளைத்தது என்று கோயிலில் சாட்சி சொன்னார். சபையே அழுதது. அப்போது எனக்கும் பொக்கை வாய். "விசுவாசம் பத்தாட்டா என்ன ஆவும்னு பாக்கணுமா? ஏ நேசையா, வாயத் தொறந்து காட்டும்வே" என்றார். காட்டினேன். சபையே சிரித்தது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அன்று சிரித்தவர்கள் யார் யார், எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

டில்லியில் ராஜா முடிசூடிய வருஷம் அவருக்குக் குடலிறக்கம், அறுக்க வேண்டியதாயிற்று. சபையார் பதினோரு பேர் அறுக்கிற அறை வாசலில் ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றார்கள். திரையை இழுத்துவிட்டிருக்கலாம். காற்று வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீயளா?"

"இல்லவே."

"வாயில வெத்தலை?"

"என்னையப் பாத்து கேக்கக்கூடிய கேள்வியாவே இது?"

"பல்லு சொந்தப் பல்லா, வச்ச பல்லா?"

காதோடு கேட்டிருக்கலாம்தான். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. அவர் வாசலைப் பார்த்தார்.

"கர்த்தர் தந்த பல்லுவே. எழுதும்."

எழுதினேன். அவர் சம்சாரம் எலிசபெத் மதினி பின்னால் வந்து, "தம்பி, அவுக பல்ல மட்டும் பைய..." என்று ஆரம்பித்தார். "நோயாளி வாயால சொல்லணும் மதினி, அதான் சட்டம்" என்று வெளியே அனுப்பிவைத்தேன்.

குறட்டை கேட்டது. டாக்டர் கத்தி வைத்தார். தாடையைப் பிடித்திருந்த என் கை கொஞ்சம் களைத்தது. களைப்பு எல்லோருக்கும் வருவதுதானே. தொண்டைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்; குறட்டை நின்றது. அது நிம்மதியான தூக்கமில்லை என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இடுக்கி என் சட்டைப் பையில் இருந்தது.

"நேசையா, மூச்சு?" என்று டாக்டர் குனிந்தபடியே கேட்டார்.

"சீராக இருக்கிறது, துரை."

இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் மரியாதையாகவே பதில் சொன்னேன்.

பிறகு அவர் பதறி, அண்ணாச்சியின் கைகளை மேலும் கீழும் இழுத்து மூச்சு வரவழைக்கப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் இரண்டு பல்வரிசையையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இருதயம் நின்றது என்று டாக்டர் எழுதினார். மதினிக்கு எல்லாம் தெரியும். ஆனால் புருஷன் சொன்ன சாட்சியை எந்த வாயால் பொய்யாக்குவார்?

நீங்கள் இங்கே வந்த முதல் ஞாயிறு நான் எழுந்து சாட்சி சொன்னேனே, பல் கேட்டேன், கர்த்தர் தந்தார் என்று? முதலில் ஆமென் சொன்னது நீங்கள்தான். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பேட்டை ஆசாரி அரத்தால் கொஞ்சம் ராவிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த முறுக்குத் தட்டை இப்படித் தள்ளுங்கள். நேசையாவின் விசுவாசத்தில் குறை ஒன்றும் இல்லை என்று மலரில் மறக்காமல் எழுதிவிடுங்கள்.