ஏழாம் தொட்டியின் உட்புறம்

எவர்சில்வரைத் துடைக்கத் தெரியாதவர்கள்தான் வட்ட வட்டமாகத் துடைப்பார்கள், ஐயா. அதற்கு ரேகை உண்டு. ரேகை மேலிருந்து கீழே ஓடினால் துணியும் அப்படித்தான் போக வேண்டும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் பத்தே நாளில் துரு பூக்கும். ஒர்ஹெய் ஊருக்குப் பக்கத்து ஒயின் ஆலையில் இருபத்திரண்டு வருஷமாகத் தொட்டி துலக்குகிறேன். என் கைபட்ட ஒன்றுகூடத் துருப்பிடித்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

த்ரோஃபிம் என் மனைவியின் தம்பி. வேலையில் நாங்கள் ஜோடி. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். போகிற வழி முழங்கால் உயரத்தில் ஒரு முட்டை வடிவக் கதவு. தோளைச் சாய்த்தால்தான் நுழைய முடியும். சாறு புளித்த தொட்டியின் அடியில் கெட்ட காற்று தங்கும். அதனால் வெளியே நிற்பவர் கம்பி நுனியில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி உள்ளே நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எரிந்தால் போகலாம். உள்ளே போகிறவர் தானும் குனிந்து பார்த்தால், கூட்டாளியை நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் ஆலையில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

போன வருஷம் அறுவடைச் சமயத்தில் நான் உள்ளே இருந்தபோது த்ரோஃபிம் விளையாட்டுக்குக் கதவைச் சாத்தித் திருகிவிட்டான். நான் தட்டினேன். அந்தச் சுவருக்குள் நம் தட்டல் நம்மிடமே திரும்பி வரும். கால்மணி நேரம்தான் என்று பிறகு சொன்னான். கதவு திறந்தபோது ஆலையே கூடி நின்றது. என் கால்சட்டை நனைந்திருந்தது.

"என்ன மாமா, தண்ணி விட்டுக் கழுவியும் முடிச்சிட்டீங்க போல?" என்றான்.

அதற்குப் பிறகு என்னால் உள்ளே போக முடியவில்லை. தோள் நுழைந்ததும் மூச்சு நின்றுவிடும். என் முறைக்கும் அவனே போனான். அந்த உபகாரத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி காதில் விழும்படிதான் போனான்.

"மாமாவுக்கு இன்னிக்கும் இடுப்புப் பிடிப்பாம். நானே போறேன். பாவம், இருட்டைப் பாத்தா ஒண்ணுக்கு வந்துடும் மனுசனுக்கு."

கோயில் வாசலில் அதே பேச்சு. வீட்டில் சோளக்களியை வெட்டி வைக்கும்போதும் அதே பேச்சு. என் மனைவியும் சிரித்தாள். எங்கே போனாலும் அந்தக் கதவு என் பின்னால் சாத்தியே இருந்தது.

புனிதர் திமித்ரி திருநாளுக்கு முந்தின நாள் காலையில் ஏழாம் தொட்டி எங்கள் பங்குக்கு வந்தது. மற்றவர்கள் மறுகோடியில் பழம் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன் மாமா. அடுத்த வாரத்துலேருந்து உங்க முறைக்கு நீங்கதான் உள்ள போகணும். முடியலேன்னா ஆடு மேய்க்கப் போங்க. அதுங்களுக்குக் கதவு கிடையாது."

"சரி மச்சான்," என்றேன்.

மெழுகுவர்த்தியை நீட்டினேன். சுடர் குறுகியது, கொஞ்ச நேரம் தத்தளித்தது, அணைந்தது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

"எரியுது, போ," என்றேன்.

அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். அந்த மட்டில் அவனுக்கும் பொறுப்பு உண்டு.

கதவைச் சாத்தித் திருகினேன். அவன் எனக்குக் கொடுத்தது கால்மணி. நானும் அவ்வளவுதான் கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம் கூட்டவில்லை.

"மாமா, விளையாடாதீங்க. தலையைச் சுத்துது."

பிறகு தட்டினான். நான் தொட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி வழியாகத் தட்டல் கைக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தெரியவில்லை.

நேரம் ஆனதும் திறந்தேன். கதவருகே அசையாமல் கிடந்தான். மின்விசிறியை வைத்து ஊதினேன், மெழுகுவர்த்தி நின்று எரிகிறவரை. கதவுக்கு மேலே, உட்புறச் சுவரில், அவன் இடைவாரின் கொக்கியால் கீறியிருந்தான். ஏழெட்டுக் கோடுகள், எல்லாம் ரேகைக்குக் குறுக்கே. அப்படியே விட்டால் யார் பெயர் கெடும்? முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மெல்லியது வரைக்கும் மாற்றி மாற்றித் தேய்த்தேன். மெருகுப் பசை பூசித் துலக்கினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அந்த ஒரு இடம் மட்டும் அதிகமாகப் பளபளத்ததால்தான் சந்தேகம் வந்தது என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கொன்றது நான்தான்.

தோள் நுழைந்தாலே மூச்சு நிற்கிறவன் இரண்டு மணி நேரம் எப்படி உள்ளே இருந்தாய் என்று கேட்டீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குப் பயமே வரவில்லை, ஐயா. துணைக்கு ஆள் இருந்தது.