ரோஸி மூன்று முறை எழுதிய தேர்வு

தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம் வரும், சார். ஒரகடம் தாண்டியதும் ஏரிக்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பிக்கும். படப்பை வருவதற்குள் பாதி பஸ் தலையைத் தொங்கப்போட்டுவிடும். தேர்வு ஹாலில் தனக்குக் கண் சொருகியதற்கு அந்தப் பஸ்தான் காரணம் என்று என் மகள் ரோஸி ரொம்ப நாள் நம்பினாள். நானும் ஆமாம் என்றேன்.

என் பெயர் இருதயசாமி. வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கம்பவுண்டர். வீடு வடக்குப்பட்டில். சுற்று வட்டாரத்தில் டாக்டரைவிட என்னைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும். நான் ஒரு மாத்திரையைக் கையில் வைத்தால் என்ன ஏது என்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையை நான் யாரிடமும் தவறாகப் பயன்படுத்தியதில்லை. வெளியாட்களைச் சொல்கிறேன்.

என் மனைவி அன்னபுஷ்பம் மெட்ராஸில் நர்ஸ் வேலை கிடைத்துப் போனாள். ரோஸி அப்போது ஒன்றாம் வகுப்பு. அன்னபுஷ்பம் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தாள், பிறகு வரவில்லை. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். வேலைக்குப் போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரையும் போகாதே என்று தடுக்கிற ஆள் நான் இல்லை.

ரோஸியைப் பி.ஏ. வரை படிக்கவைத்தேன். அவள் பி.ஏ. முடித்த சமயத்தில்தான் எங்கள் பக்கம் ரோட்டோர நிலங்களைக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவிடம் ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கி, அவளுடைய வேர்க்கடலைக் காட்டை எழுதிக்கொண்டுவிட்டார்கள். ரோஸி அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்குப் போனாள். அங்கே இருந்த வக்கீல் இவர்களைத் தலைதூக்கிக்கூடப் பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"நானே வக்கீலுக்குப் படிக்கப் போறேன்பா."

"படிம்மா. தாராளமா படி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாலு பேரிடம் நானே பெருமையாகச் சொன்னேன். கேட்டுப் பாருங்கள்.

அவள் விரும்பிய சட்டக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்துவார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் கடைசியாக எழுதியதில் என்ன மார்க்கோ அதுதான் செல்லும். இடம் கிடைத்தால் மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்க வேண்டும்.

முதல் முறை எழுதப் போன அன்று காலையில் லேசாகத் தலைவலிக்கிறது என்றாள். பயத்தில் வருகிற தலைவலி. ஒரு மாத்திரை கொடுத்தேன். சாயங்காலம் வந்தவள், கேள்வியைப் படிக்கப் படிக்க மண்டைக்குள் புகை மாதிரி இருந்தது என்றாள். ஆனாலும் கெட்டிக்காரி. மார்க் வந்தபோது தேறுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும் என்கிற மார்க்.

அந்த மார்க்கை வைத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டிய சமயத்தில் காந்திமதி வந்தாள். அவள் ரோஸியோடு காலேஜில் படித்தவள். குடும்பம் தாம்பரத்துக்குப் போய்விட்டது. அங்கே துணி தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தாள். சத்தமாகச் சிரிக்கிற பெண். எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து பானையைத் திறந்து பார்ப்பாள்.

"இன்னாடி யோசன? கெடச்ச மார்க்க வச்சிப் போட்டுப் பாரு" என்றாள் காந்திமதி. "கெடைக்கலன்னா அடுத்த வருசம் மறுபடி எழுதிக்க. பரீச்ச எங்கயும் ஓடிப் பூடாது."

ரோஸி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுபா. போடட்டா, மறுபடி எழுதட்டா?"

காந்திமதி சொன்னதுதான் சரி. அது எனக்கு அப்போதே தெரியும். நான் சொன்னது வேறு. "ஒரு தபா வேணாம்னு தள்ளிட்டாங்கன்னா அந்தப் பேரு அப்டியே நிக்கும்மா. அடுத்த வருசம் நீ எவ்ளோ நல்லா எழுதினாலும் இது போன வருசம் தள்ளின பொண்ணுதானேன்னு பாப்பாங்க. ஓரத்துல நிக்கிற மார்க்கோட எதுக்குப் போவணும்? நல்லா எழுதிக்கினு நிமிந்து போ."

அப்படி ஒரு வழக்கமும் கிடையாது, சார். ஆனால் ரோஸி பெருமை பிடித்தவள். நிமிர்ந்து போ என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். விண்ணப்பத்தை எடுத்தாள், வைத்தாள், எரிந்து விழுந்தாள். கடைசியில் மறுபடி எழுதுகிறேன் என்றாள். காந்திமதி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வருடம் வீடு நிறைவாக இருந்தது. ரோஸி வாலாஜாபாத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனாள். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புவோம். அவள் சமைப்பாள், நான் அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். வல்லக்கோட்டைக் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் நின்றுபோனால்கூட நின்றபடியே கேள்வி கேட்பேன். அவ்வளவு தயார் செய்தேன் அவளை.

தேர்வு அன்று காலையில் பால் காய்ச்சிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவளுக்குத் தலைவலி இல்லை. அதனால் மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலக்க வேண்டியிருந்தது. அலர்ஜிக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரைதான். அதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும். முதல் வருடம் தலைவலிக்கென்று கொடுத்ததும் அதுதான்.

ஹாலில் மேசைமேல் கவிழ்ந்து தூங்கிவிட்டாளாம். மேற்பார்வைக்கு நின்ற டீச்சரம்மா தட்டி எழுப்பியிருக்கிறார். மார்க் முதல் தடவையைவிடக் கீழே போய்விட்டது. பழைய மார்க்கும் செல்லாது. அன்று ரோஸி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"எனுக்கு இன்னாபா ஆச்சி? தெரிஞ்ச கேள்விபா எல்லாம். கண்ணத் தெறக்க முடியல. நான் எதுக்குமே லாயக்கில்லபா."

நான் அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் என் கையை வைத்தேன். அடி என் கையில் விழுந்தது. "பஸ்ஸு காத்தும்மா" என்றேன். அவளை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இதோடு விட்டுவிடுவாள் என்றும் நினைத்தேன். டாக்டரம்மாவிடம் பேசி எங்கள் கிளினிக்கிலேயே சீட்டு எழுதுகிற வேலைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

அவள் விடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வந்தது அப்போதுதான். ஒரு மனுஷன் எவ்வளவுதான் செய்வான்? "இன்னும் ஒரே தபாபா. இதுவும் போச்சின்னா நீ சொல்ற வேலைக்கு வந்துட்றேன்" என்றாள். நான் சரி என்றேன். அடுத்ததாக இன்னொன்று சொன்னாள். பஸ்ஸில் போனால்தானே தூக்கம். முதல் நாளே தாம்பரம் போய்க் காந்திமதி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றாள். அதற்கும் சரி என்றேன்.

தேர்வு அன்று முதல் பஸ்ஸில் நானே புறப்பட்டேன். பிளாஸ்கில் பால். போன தடவை தட்டியவுடன் எழுந்துவிட்டாள் என்பதால் இந்த முறை அளவைக் கூட்டியிருந்தேன். உயிருக்கு ஒன்றும் ஆகாது. உட்கார்ந்த இடத்தில் நன்றாகத் தூங்குவாள், அவ்வளவுதான். அந்த அளவெல்லாம் எனக்குத் தெரியும். தேர்வு எழுதுகிறவள் உட்கார்ந்துதானே இருப்பாள்.

பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் ரோஸியின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்காக அம்மாந்தூரம் வந்தியாபா?" என்று பிளாஸ்கை வாங்கிக்கொண்டாள். இப்போதே குடி என்றேன். வயிற்றைப் புரட்டுகிறது, உள்ளே போவதற்கு முன்னால் குடிக்கிறேன் என்றாள். கிளினிக் திறக்க நேரமாகிவிட்டது. காந்திமதி பக்கத்தில் நின்றாள். "நீங்க போங்க மாமா, நான் குடிக்க வச்சி அனுப்புறேன்" என்றாள். நான் திரும்பிவிட்டேன்.

நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரோஸியால் ஒரு வாய்கூடக் குடிக்க முடியவில்லை. "அப்பா ஆசையா கொண்டாந்தது, நீ குடிச்சுடு, கொட்டாத" என்று காந்திமதி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். காந்திமதி வாசல் மரத்தடியில் உட்கார்ந்து குடித்திருக்கிறாள். மத்தியான ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்து நடந்திருக்கிறாள். தண்டவாளத்தைத் தாண்டினால்தான் கம்பெனி. ஆட்கள் கத்தினார்களாம். மின்சார ரயில் ஹாரன் அடித்ததாம். அவள் தண்டவாளத்துக்கு நடுவில், எதையோ யோசிக்கிறவளைப் போல நின்றுவிட்டாளாம்.

ரோஸி தேர்வு முடித்துச் சந்தோஷமாக வெளியே வந்திருக்கிறாள். மரத்தடியில் பிளாஸ்க் மட்டும் இருந்திருக்கிறது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தோழியைத் தேடிப் போயிருக்கிறாள்.

நான் சாவுக்குப் போனேன். பாடையைத் தூக்கவும் தோள் கொடுத்தேன். காந்திமதியின் அம்மா பாஞ்சாலி அழுது அழுது தொண்டை கட்டிப்போய், அடக்கம் முடிந்த பிறகும் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். தூங்கி இரண்டு நாள் ஆகிறது என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். முழுசாக விழுங்கமாட்டாள் என்று இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். பாலில் போட்டேன். கசப்புத் தெரியாமலிருக்கச் சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போட்டுக் கலக்கினேன். நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் ரோஸி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

அவள் கத்தவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"மூணு தபாவுமாபா?"

பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது, சார். "மொத தபா கம்மிதாம்மா" என்றேன்.

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே கொட்டினாள். பையிலிருந்து கழுவாத பிளாஸ்கை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். வழியில் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் அம்மாவும் பஸ் ஏறியபோது திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் எழுத வேண்டியது இதுதான். நான்தான் கலந்தேன். மூன்று முறையும் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் மகளுக்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாது, அவள் என் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. காந்திமதிமேல் எனக்குப் பகை கிடையாது. அந்தப் பால் அவளுக்காகக் கலந்ததும் இல்லை. இதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று சின்னப்பொண்ணு இங்கே வந்திருந்தாள். ரோஸி அவள் வீட்டில்தான் இருக்கிறாளாம். யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் தொடுவதில்லையாம், தானே கிணற்றில் இறைத்துக் குடிக்கிறாளாம். மார்க் வந்துவிட்டதாம், நல்ல மார்க்காம். யாரையும் கேட்கவில்லை, அன்றைக்கே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாளாம்.

போடட்டும். ஆனால் இன்னும் ஒரு வருடம் பொறுத்து எழுதியிருந்தால் இதைவிட நல்ல மார்க் வாங்கியிருப்பாள் என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.