நரம்பேறி வந்தது

— ரெண்டு சேலைதான் எடுத்து வச்சிருக்கே லாத்தா. காயல்பட்டினத்துல சாச்சி வீட்டுல கொஞ்ச நாள் இருக்க வேண்டியிருக்கும், பாத்துக்க.

— கொஞ்ச நாளுன்னா எம்புட்டு நாளுலே யாசரு தம்பி?

— கமர் மனசு ஆறணும்லா. எம் பொண்டாட்டிங்கிறதுக்காகச் சொல்லல. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவ.

— நான் அவளை ஒண்ணும் சொல்லலையே. தம்மாம்லேர்ந்து ப்ளேன் ஏறி நீ வாறதுக்குள்ள பிள்ளை மையத்தை அடக்கிட்டாவ. மவன் முகத்தைக்கூட நீ பாக்கல. அதைத்தான் நினைக்கேன்.

— பிள்ளைக்கு வைத்தியம் பாத்த பாளையங்கோட்டை டாக்டரைக் காலையில போய்ப் பாத்தேன்.

— என்ன சொன்னாரு?

— காய்ச்சலுக்கு உதட்டுல கொப்புளம் பொங்குதுல்லா, அந்தக் கிருமிதானாம். அது மேல இருக்க புரதம் சாவி மாதிரி, பாத்துக்க. நரம்பைத் திறந்து உள்ள விட்டுருமாம். உள்ள இருக்க இன்னொரு புரதம் நரம்போடயே அதை இழுத்துட்டுப் போவுமாம். பெரியாளுக்குன்னா பாதியில தூங்கிரும். பச்சப்பிள்ளைக்கு மூளைக்கே ஏறிட்டு.

— அதான் கையும் காலும் அப்படி வெட்டி வெட்டி இழுத்துச்சு. எம் மடியிலதான்லே கெடந்தான்.

— கொஞ்சும்போது ஒட்டியிருக்கும்னாரு. யாருக்கு உதட்டுல புண்ணுன்னு அன்னைக்கே கேட்டாராம். கமர் உன்னைக் காட்டினாளாம்.

— காட்டினா. ஆஸ்பத்திரியில அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாவ.

— பிள்ளை இல்லாதவ, ஆசையில கொஞ்சிட்டான்னு அவகிட்ட சொல்லிப் பாத்தேன். எனக்கு உம்மேல கோவம் இல்ல லாத்தா.

— அந்தச் சேலையை இப்படிக் குடு. மடிப்பு கலையுது.

— நீ ஏன் ஒரு வார்த்தை பேசல?

— பேசியிருக்கலாம். வெத்தலைச் சுண்ணாம்புல வெந்த புண்ணுதான்னு காட்டியிருக்கலாம்.

— சுண்ணாம்பா? அப்ப உனக்குக் கொப்புளமே வரலையா?

— எனக்கு அது வந்ததே இல்லலே. நாப்பது நாள் கழியட்டும்னு நான் அவனுக்கு ஒரு முத்தங்கூடக் குடுக்கல.

— மேலப்பாளையமே உன்னைப் பேசுது. நானும் உன்னை வண்டியேத்திவிட வந்து நிக்கேன். எதுக்கு வாயை மூடிக்கிட்டிருந்தே?

— நான் இல்லன்னா, பெறவு யாருன்னு கமர் தேடுவாள்லா. அவளுக்கு நினைவில்ல. பேறுகாலக் காய்ச்சல்ல கொப்புளம் பொங்கிக் கெடந்தது அவ உதட்டுல.